தொப்புள் மூடாத குட்டி

தங்கச்சிக்கு பொம்பள புள்ள பொறந்து மூணாம் நாள் ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம். வந்த அன்னிக்கு ராத்திரியே அம்மா சொல்லிட்டாங்க, நாளைக்கு வெள்ளன எந்திரிச்சு மார்க்கெட்டுக்கு போயி நல்ல பால்சுறாவா பாத்து வாங்கிட்டு வந்துரு, புள்ள அழுதுக்கிட்டே இருக்கு, இவளுக்கு பால் ஊறல. எங்க வீட்டுல இதுக்கு மறுபேச்சே கெடையாது. எனக்கு ரெண்டு புள்ள, ரெண்டு தடவையும் நாப்பது நாள் பத்தியத்துல சுறா புட்டு சாப்பிட்டவதான் நான், பெரியம்மா, அத்தைங்க, எதிர்வீட்டு அக்கா எல்லாரும் சாப்பிட்டவங்கதான். பச்ச ஒடம்புக்காரிக்கு சூடான சோத்துல நல்லெண்ணெய் விட்டு, பூண்டு தட்டிப் போட்ட ரசம், பக்கத்துல ரெண்டு கரண்டி சுறா புட்டு. இங்க மலேசியாவுல, பினாங்கு ஜெலுத்தோங் பக்கம் ஃப்ளாட்டுல பத்தாவது மாடியில குடியிருந்தாலும் சரி, தமிழ்நாட்டுல கடலோர கிராமத்துல இருந்தாலும் சரி, நம்ம பொம்பளைங்க புள்ள பெத்தா மொதல்ல வர்ற பேச்சு இதுதான்.

ஆறரை மணிக்கெல்லாம் மார்க்கெட்டுல இருந்தேன். எப்பவும் நான் வாங்குற மீன்கார அண்ணன் கெம்போங் (நம்ம கானாங்கெளுத்தி), செலார், பாவால் எல்லாத்தையும் அடுக்கி முடிச்சிட்டு ஓரத்துல ஒரு தட்டுல அஞ்சு சுறா வச்சிருந்தாரு. நாலு பால்சுறா, சாம்பல் கலர்ல மூக்கு நீட்டமா. அஞ்சாவது ஒண்ணு மட்டும் வேற மாதிரி, ஒரு முழம்தான் இருக்கும், தலை ரெண்டு பக்கமும் சுத்தியல் மாதிரி நீட்டிக்கிட்டு, அந்த நுனில சின்னதா கண்ணு. கொம்பன் சுறாக்குட்டி. அத நான் கையில எடுத்து மீன் வாங்குறப்போ எல்லாரும் செய்ற மாதிரி திருப்பி வயித்தப் பாத்தேன். வெள்ள வயிறு, மார்பு பக்கத்துல இருக்குற ரெண்டு துடுப்புக்கும் நடுவுல ஒரு சின்ன கீறல். கத்தி பட்டிருக்கும்னுதான் மொதல்ல நெனச்சேன். வெரலால தடவிப் பாத்தா கத்தி வெட்டு மாதிரி இல்ல, ஓரமெல்லாம் மெதுவா மடிஞ்சு உள்ள செவப்பா இருந்துச்சு.

அது தொப்புள்.

முந்தின நாள் ராத்திரிதான் தங்கச்சி மகளோட தொப்புள்ள க்ளிப் போட்டிருந்த எடத்த நான் பஞ்சு வச்சு மெல்ல தொடச்சிருந்தேன். அதே வெரலு. எனக்கு கொஞ்ச நேரம் கைய எடுக்கவே முடியல. அண்ணன் என் முகத்தப் பாத்துட்டு, எடுத்துக்கம்மா, குட்டி, பஞ்சு மாதிரி இருக்கும், பச்ச ஒடம்புக்கு இதுதான் நல்லதுன்னாரு. இது கொம்பன் இல்லயாண்ணேன்னு கேட்டேன். கொம்பனா இருந்தா என்னம்மா, தலைய வெட்டிட்டா எல்லாம் பால்சுறாதான்னு சொன்னாரு. அவரு சாதாரணமா சொன்ன வார்த்தைதான், அவரு மேல எனக்கு எந்த கோவமும் இல்ல, வலையில வந்தத வாங்கி விக்கிறாரு. ஆனா அந்த வார்த்தைதான் என்னை இவ்ளோ நாளா தூங்க விடாம இத எழுத வைக்குது.

உண்மையச் சொல்லணும்னா அன்னிக்கு நான் பால்சுறா ரெண்டு வாங்கிட்டுதான் வந்தேன். அம்மாகிட்ட வெறுங்கையோட போக முடியாது. கொம்பன போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டேன்.

வீட்டுல வந்து வேலை ஆரம்பிச்சாச்சு. சுறாவ சுத்தம் பண்றது ஒரு தனி பாடு, தோலு மணல்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்து கத்தியால சொரண்டுனா மணல் மாதிரி உதிரும். மஞ்சளும் உப்பும் போட்டு அவிக்கிறப்போ ஒரு நெடி வரும் பாருங்க, மூக்கப் பிடிக்கும், அது ஏன்னா சுறாவோட ரத்தத்துலயும் சதையிலயும் யூரியா இருக்கு, கடல் உப்பு தாங்குறதுக்கு அது ஒடம்புல வச்சிக்கிற சத்து, செத்ததும் அது அமோனியாவா மாறிடும். அவிச்சு ஆற வச்சு, தண்ணிய ஒட்டப் பிழிஞ்சு, உதிர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்ச மொளகா, கறிவேப்பில தாளிச்சுப் போட்டு பெரட்டணும். முள்ளே இருக்காது, ஏன்னா சுறாவுக்கு எலும்பு கெடையாது, எல்லாம் நம்ம காது மடல் மாதிரி குருத்தெலும்பு. உதிர்த்துக்கிட்டே இருக்குறப்போ அந்த பால்சுறாவோட வயித்துப் பக்கத்தையும் பாத்தேன். அதுலயும் ஒரு கோடு இருந்துச்சு, மூடி காஞ்ச கோடு.

அன்னிக்கு ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் போன எடுத்து உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், அப்புறம் வாரக்கணக்கா படிச்சேன். பால்சுறா முட்டை போடுற மீனே இல்ல. வயித்துக்குள்ள நஞ்சுக்கொடி வச்சு, தொப்புள்கொடி வழியா சாப்பாடு குடுத்து, கிட்டத்தட்ட ஒரு வருஷம் சொமந்து பெக்குது. ஒரு ஈத்துக்கு பெரும்பாலும் ரெண்டுல இருந்து அஞ்சு குட்டி. இங்கிலீஷ்லயும் அதுக்கு மில்க் ஷார்க்னுதான் பேரு, அந்த பேரே தாய்ப்பால் ஊறும்ங்கிற நம்ம பக்கத்து நம்பிக்கையில இருந்து போனது. கொம்பனும் அதே மாதிரி தொப்புள்கொடி வச்சு பெக்குற இனம்தான், நான் பாத்த அந்த வகையில பொட்டை 2 மீட்டருக்கு மேல வளந்தாத்தான் குட்டி போடும், அதுக்கு எத்தனையோ வருஷம் ஆகும். பெத்து விடுறதுக்கு அது நடுக்கடல விட்டுட்டு கரைக்கு வரும், ஆத்து முகத்துவாரம், சேறு, சதுப்புக்காடு, கலங்கின ஆழமில்லாத தண்ணி, அங்கதான் பெரிய மீனுங்க குட்டிய வந்து தின்னாது. தொப்புள் காயம் ஆறுறதுக்கு சில வாரம் ஆகும். அப்படின்னா தொப்புள் திறந்திருக்குற குட்டி பொறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கு, பொறந்த எடத்துக்கு கிட்டயே மாட்டியிருக்கு. கெம்போங் ஒரு தடவை ஆயிரக்கணக்குல முட்டை போடும், அதுல நெறைய போனாலும் கொஞ்சம் தப்பிச்சா போதும் அந்த இனம் நிக்கும். இதுங்க அப்படி இல்ல. மனுஷங்க மாதிரி மெதுவா வளந்து, கொஞ்சமா பெத்து, அத வச்சே பொழைக்கிற சாதி. நாம கெம்போங் பிடிக்கிற மாதிரி சுறாவப் பிடிச்சா எப்படித் தாங்கும்.

2021ல உலகம் பூரா இருக்குற சுறா, திருக்கை, அதோட சொந்தக்கார இனங்க 1,199ஐயும் கணக்கெடுத்துப் பாத்திருக்காங்க, அதுல 391 இனம் அழியுற ஆபத்துல இருக்கு. அந்த 391லயும் காரணம்னு ஒண்ணு பொதுவா வருது, அளவுக்கு மீறி பிடிக்கிறது. வேற காரணமும் சேந்திருக்கலாம், கடலோரம் மண்ணு கொட்டுறது, சதுப்பு அழிக்கிறது, சூடு ஏறுறது, ஆனா வலை இல்லாத கேஸு ஒண்ணு கூட இல்ல. நான் போட்டோ எடுத்த குட்டிய படங்களோட வச்சு ஒத்துப் பாத்தேன், நெத்தி ஓரத்துல நட்ட நடுவுல ஒரு பள்ளம், அந்த பள்ளத்த வச்சுதான் அந்த வகை கொம்பன அடையாளம் சொல்றாங்க, அந்த வகை ஒலக அளவுல அழிவோட விளிம்புல இருக்குன்னு வச்சிருக்காங்க. பால்சுறாவையும் இப்போ ஆபத்து பட்டியல்ல சேத்துட்டாங்க.

சுறான்னு பேச்சு எடுத்தாலே இங்க எல்லாரும் உடனே துடுப்பு சூப்பப் பத்திதான் பேசுவாங்க. கல்யாண விருந்துல சீனவங்க குடிக்கிறாங்க, அதனாலதான் அழியுதுன்னு. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், எங்க ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல ரொம்ப உறுதியா பேசியிருக்கேன். அதுல உண்மை இல்லாம இல்ல, துடுப்பு வியாபாரத்துல மலேசியா பேரு பெரிசா அடிபடுற பேருதான். அதுக்கு எதிரா கொஞ்சம் வேலையும் நடந்திருக்கு, 2012லயே ஷங்கிரிலா ஹோட்டல்கள்ல துடுப்பு சூப்ப நிறுத்திட்டாங்க, நெறைய சீன குடும்பத்துப் பிள்ளைங்க தங்க கல்யாணத்துல அந்த சூப்பு வேணாம்னு தாத்தா பாட்டிகிட்ட போராடி நிறுத்தியிருக்காங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணே செஞ்சிருக்கா. அவங்க அவங்க பங்குக்கு தங்க வீட்டுக்குள்ள சண்டை போட்டாங்க. நம்ம வீட்டுல யாரு போட்டோம்? நம்ம தட்டுல இருக்குறது துடுப்பு இல்ல, முழு மீனு, அதுவும் குட்டி. மார்க்கெட்டுல மலாய்க்காரங்க யூ மாசாக் லெமாக், அதான் தேங்காப்பால் சுறாக்கறி, வைக்க வாங்குறாங்க, நாம புட்டுக்கு வாங்குறோம், திருக்கைய எல்லாரும் சேந்து வாழையிலையில சுட்டு சம்பல் தடவி சாப்பிடுறோம். எல்லாரோட கையும் இதுல இருக்கு.

கடல்ல என்ன நடக்குதுன்னா, இங்க சுறாவுக்குன்னு யாரும் பெரிசா போறதில்ல. இழுவை படகு, அதான் புக்காட் துண்டா, மீனுக்கும் எறாலுக்கும் அடி தரைய வாரிக்கிட்டுப் போறப்போ சுறாவும் கூடவே வந்துடுது. வலையோட கடைசியில மீனு சேர்ற பையில கண்ணி 38 மில்லிமீட்டருக்கு கொறையக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, சின்ன மீனு தப்பிச்சுப் போகட்டும்னு. ஆனா கொம்பன் மாதிரி சுறா பொறக்குறப்பவே கிட்டத்தட்ட ஒரு முழம் இருக்கும், அது எப்படி 38 மில்லிமீட்டர்ல நுழைஞ்சு போகும்? பொறந்த அன்னிக்கே அந்த வலைக்கு அது பெரிய மீனு. இந்த ஒரு விஷயத்த நெனச்சாலே போதும், கண்ணி அளவ வச்சு மட்டும் சுறாவக் காப்பாத்த முடியாது, அது பெக்குற எடத்துல அந்த வலையே போகக் கூடாது.

கரையோரத்த சின்ன படகுக்காரங்களுக்குன்னு ஒதுக்கி, இழுவை படகு தள்ளிப் போயிதான் பிடிக்கணும்னு 80கள்ல இருந்தே விதி இருக்கு. அந்த விதி சும்மா வந்ததில்ல. 60கள்லயும் 70கள்லயும் மேற்குக் கரையில இழுவை படகு வந்தப்போ சின்ன படகுக்காரங்களோட வலைய கிழிச்சு, நடுக்கடல்ல சண்டை நடந்து, படகு எரிஞ்சு, ஆளுங்க செத்திருக்காங்க. எங்க அப்பா உயிரோட இருந்தப்போ அத சொல்வாரு. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்து தலைவர் எஸ். எம். முகமது இத்ரிஸ் அய்யா 2019ல இறக்குற வரைக்கும் இந்த கரையோர மீனவங்களுக்காக பேசிக்கிட்டே இருந்தவரு, அப்பாவுக்கு அவரு மேல அவ்ளோ மரியாதை. சின்ன வயசுல எனக்கு அதெல்லாம் மீனவங்க வயித்துப் பொழப்பு பிரச்சனைன்னுதான் புரிஞ்சுது. அந்த கரையோர எல்லைக்குள்ளதான் சுறாவோட பிரசவ வார்டும் இருக்குன்னு இந்த வயசுலதான் புரியுது. அந்த எல்லைய ஒழுங்கா காவல் காத்தாலே பாதி வேலை முடிஞ்சுடும்னு நான் நம்புறேன்.

சட்டம் சுத்தமா இல்லன்னு சொல்ல முடியாது. திமிங்கிலச் சுறா, வாள் மாதிரி மூக்கு உள்ள வேளா மீனு ரெண்டையும் இங்க பிடிக்கவே கூடாது. 2019ல இன்னும் ஆறு இனத்த சேத்தாங்க, நாலு சுறா, ரெண்டு மாந்தா திருக்கை. அந்த நாலுல மூணு கொம்பன் குடும்பம், அதுல ஒண்ணு தலை மட்டும் ஒடம்பு நீளத்துல பாதிக்குக் கிட்ட அகலமா இருக்குற கரையோர இனம், ரெண்டு பக்கமும் றெக்கை விரிச்ச மாதிரி. ஆனா நெத்தியில பள்ளம் உள்ள அந்த கொம்பன், நான் கையில வச்சிருந்த அந்த குட்டியோட சாதி, 2019 சேர்க்கையில வரல. 2022 நவம்பர்ல பனாமாவுல சைட்டிஸ்ங்கிற ஒலக வனவிலங்கு ஒப்பந்தத்தோட கூட்டம் நடந்து பால்சுறா குடும்பம் மொத்தமும், 50க்கு மேல இனம், மீதி கொம்பன் எல்லாமும் கட்டுப்பாட்டு பட்டியலுக்குள்ள வந்துச்சு. பேப்பர்ல படிச்சப்போ நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன், இனிமே பிடிக்க மாட்டாங்கன்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது நாட்டுக்கு நாடு வியாபாரம் பண்றதுக்குத்தான் கட்டுப்பாடு, இங்கயே பிடிச்சு இங்கயே வித்து இங்கயே சாப்பிடுறதுக்கு அது பொருந்தாது. பத்து கிலோமீட்டர் தூரத்துல பிடிச்சு எங்க சட்டியில வேகுற குட்டிக்கு பனாமா ஒண்ணும் செய்ய முடியாது.

இன்னும் ஒண்ணு, தலைய வெட்டிட்டா எல்லாம் பால்சுறாதான்னு அண்ணன் சொன்னாரே, அதுலதான் எல்லா சட்டமும் ஒழுகிப் போகுது. தலையும் துடுப்பும் இல்லாம தோலுரிச்சு துண்டு போட்டு வச்சா பிடிக்கக்கூடாத இனமா இருந்தாலும் ஆபீசருக்கே அடையாளம் தெரியாது, வாங்குற எனக்கு எப்படித் தெரியும். படகுல இருந்து மார்க்கெட் தட்டு வரைக்கும் சுறா தலையோடயும் துடுப்போடயும்தான் வரணும்னு ஒரு விதி போட்டா என்ன? செலவே இல்லாத விதி. வெட்டுறத வாங்குறவங்க கண்ணு முன்னாடி வெட்டட்டும், பாவால வெட்டித் தர்ற மாதிரி.

செஞ்சா பலன் இருக்கு, அதையும் சொல்லியே ஆகணும். அமெரிக்காவோட கிழக்குக் கரையில 80கள்ல சுறாவ கண்ணு மண்ணு தெரியாம பிடிச்சு, அப்புறம் 1993ல அளவு வச்சு பிடிக்கிற திட்டம் கொண்டு வந்தாங்க, போகப் போக சில இனத்த தொடவே கூடாதுன்னும் நிறுத்துனாங்க. சரிஞ்சுக்கிட்டு இருந்தது நின்னுச்சு, சில இனங்க ஏறி வர ஆரம்பிச்சிருக்கு. ஆனா அதுக்கு இருபது முப்பது வருஷம் ஆச்சு. சில சுறா பெரியமனுஷி ஆகுறதுக்கே பல வருஷம் பிடிக்குதுன்னா அவசரப்பட்டு ஆகப் போறதில்ல, அதுக்காகத்தான் இப்பவே ஆரம்பிக்கணும்னு சொல்றேன்.

அடுத்த வாரம் க்ளினிக்ல இருந்து நர்ஸ் வீட்டுக்கு வந்தாங்க, தங்கச்சியப் பாக்க. நம்ம தமிழ் பொண்ணுதான். அம்மா பெருமையா சுறா புட்டு குடுக்குறோம்னு சொன்னதுக்கு அந்த பொண்ணு மெதுவா, ஆன்ட்டி, சுறா வேணாமே, பெரிய மீனுங்கள்ல பாதரசம் சேந்திருக்கும், அது பால் வழியா புள்ளைக்கு போகும்னு சொன்னாங்க. நான் ஏற்கனவே அத படிச்சிருந்தேன், அமெரிக்காவுல மாசமா இருக்குறவங்களுக்கும் பால் குடுக்குறவங்களுக்கும் சாப்பிடவே கூடாத மீனுன்னு ஒரு பட்டியல் வச்சிருக்காங்க, அதுல சுறா இருக்கு. குட்டில கொறைவா இருக்கலாம், ஆனா துண்டு போட்டு வாங்குறப்போ அது எந்த சுறாவோட துண்டுன்னு யாருக்குத் தெரியும். நான் அம்மாகிட்ட சொல்ல தைரியம் இல்லாம மூடி வச்சிருந்தேன், அந்த பொண்ணு வந்து சொல்லிடுச்சு. பால் ஊறணும்னா புள்ளைய அடிக்கடி மார்ல போடுங்க, அது உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும், அவங்களுக்கு நல்லா தூக்கமும் சாப்பாடும் தண்ணியும் குடுங்கன்னு சொல்லிட்டு போனாங்க. அம்மா முகம் சுண்டிப் போச்சு. அன்னிக்கு முழுக்க யாருகூடயும் பேசல.

எனக்கு அது கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா புட்டுங்கிறது வெறும் மீனு இல்ல. புள்ள பெத்தவளுக்காக ஒருத்தி விடியக்காலம் எந்திரிச்சு, சொரண்டி, அவிச்சு, பிழிஞ்சு, உதிர்த்து, பக்கத்துல உக்காந்து சாப்பிடுறியான்னு பாக்குறது. அம்மாவுக்கு அவங்க அம்மா அப்படி செஞ்சிருக்காங்க. அத பறிக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. சங்க காலத்துல நெய்தல் நெலத்துக்காரங்க சினைச் சுறாவோட கொம்ப நட்டு அதுல சாமி இருக்குன்னு கும்பிட்டிருக்காங்க. சினைச் சுறா, வயித்துல குட்டியோட இருக்குற சுறா. நம்ம ஆளுங்களுக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு அது கர்ப்பம் சொமக்குற உயிருன்னு.

மறுநாள் நான் மார்க்கெட்டுக்கு போயி தோங்கோல் வாங்கிட்டு வந்தேன், நம்ம சூரை, சின்ன சைஸ்தான். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாம மஞ்சள் போட்டு அவிச்சு, நடு முள்ளும் கருப்பு ரத்தச் சதையும் எடுத்துட்டு உதிர்த்து வச்சேன். தாளிக்க மட்டும் அம்மாவ கூப்பிட்டேன். வந்தாங்க. பூண்டு பத்தலன்னாங்க, இன்னும் பத்து பல்லு நசுக்கிப் போட்டாங்க. ஒரு வாய் எடுத்துப் பாத்துட்டு, காஞ்சாப்புல இருக்கு, கொஞ்சம் நல்லெண்ணெய் விடுன்னாங்க. விட்டேன். தங்கச்சி ரெண்டு கரண்டி கேட்டு வாங்கி சாப்பிட்டா.

மத்தியானம் புள்ள தூங்குனப்புறம் அம்மா என் போன வாங்கி அந்த கொம்பன் குட்டி போட்டோவ ரொம்ப நேரம் பாத்தாங்க, ரெண்டு வெரல வச்சு பெரிசு பண்ணி பண்ணி பாத்தாங்க. இதுவா தொப்புள்னு கேட்டாங்க. ஆமாம்மா. எவ்ளோ நீட்டு இருந்துச்சு? நான் முழங்கையில இருந்து வெரல் நுனி வரைக்கும் காட்டுனேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, பாகான் ஆஜாம்ல நாங்க சின்ன புள்ளைங்களா இருந்தப்போ கொம்பன் வந்துச்சுன்னா தெருவே ஓடிப் போயி பாக்கும்டின்னாங்க. தாத்தா அதுல ஒரு துண்டுதான் வாங்கிட்டு வருவாராம், ஒரு துண்டுலயே வீட்டுல எட்டு பேரு சாப்பிடுவாங்களாம். எவ்ளோ பெரிசும்மா இருக்கும்னு கேட்டேன். அம்மா எந்திரிச்சு ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னு ஒரு கைய அது மேல வச்சாங்க, இன்னொரு கைய நீட்டி சமையக்கட்டு வாசல் வரைக்கும் பாத்தாங்க, எட்டல, அந்த பக்கம் போயி நின்னுக்கோன்னு என்னைச் சொன்னாங்க. நான் வாசப்படி தாண்டி ஹால்ல போயி நின்னேன். இன்னும் கொஞ்சம் போன்னாங்க.